மூட்டைக்கும் விலை! வரிசைக்கும் விலை!



2017 ஏப்ரல் 27-ம் தேதி, சிம்லாவில் ஓர் ஆகாய விமானத்தைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார் பிரதமர் மோடி. 'உடான்' என்ற திட்டத்தின் முதல் விமானம் அது. ஹவாய் செருப்புப் போட்டு நடக்கிறவனும் இனி ஆகாய விமானத்தில் பறக்க வேண்டும், அதுவே தன் ஆசை என்று அன்று பேசினார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. கைதட்டலுக்கும் குறைவில்லை.

செருப்பைப் பற்றி யார் பேசினாலும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் ஊர்கள் எல்லாம் தோலால் வாழ்கிற ஊர்கள். ஊர் உலகத்தின் கால்களுக்குச் செருப்பும் ஷூவும் தைத்துக் கொடுக்கிறவர்கள் நாம். ஆகவே, அந்தச் செருப்புக்காரன் பறக்கிறானா, பறந்தால் எந்த வரிசையில் நின்று ஏறுகிறான், அவன் தூக்கி வந்த மூட்டைக்கு என்ன கதி என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

"நமக்கெதற்குத் தோழர் ஆகாய விமானம்? ஆம்பூர் ஸ்டேஷனில் நாலு ரயில் சேர்த்து நின்றால் போதாதா?" என்று ஒரு டேனரித் தோழர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய தெருவிலேயே எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சவுதியிலும் துபாயிலும் கிடக்கிறார்கள்? அவர்கள் எல்லாம் கப்பலிலா போனார்கள்? ஆர்டர் தாமதமாகிவிட்டால் நாம் தைத்த ஷூ பெட்டி பெட்டியாக விமானத்தில் பறக்கிறதே, அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? இவை போகட்டும். இன்று வானத்தில் நடக்கிற வியாபாரம் நாளை தண்டவாளத்துக்கு வரும், நாளை மறுநாள் பஸ்ஸுக்கும் வரும். வீடு தேடி வரும் வியாதியை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வது புத்திசாலித்தனம் அல்லவா?

மீனம்பாக்கத்தில் ஒரு தாய்

சமீபத்தில் ஒரு நாள் இரவு நான் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாசலில் நின்றேன். பேர்ணாம்பட்டுப் பக்கத்துத் தோழர் ஒருவரின் மகன் வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்பினான். தகப்பனார் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டி நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கிறார். ஆகவே தாயாருக்குத் துணையாக நான் போனேன். அந்த அம்மாள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்.

டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். பையனுக்குக் கையசைத்துவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். அரை மணி கழித்துப் பையன் கண்ணாடிக் கதவுக்கு ஓடி வந்தான். காவலரிடம் கெஞ்சி, ஒரு பையை எங்களிடம் தள்ளினான். அதில் இருந்தவை: ஒரு குக்கர், ஒரு போர்வை, புளி, தாய் கையால் இடித்த மிளகாய்த்தூள், ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாய்.

என்ன நடந்தது? ஏஜெண்டு வாங்கிக் கொடுத்த மலிவு டிக்கெட்டில் 20 கிலோவுக்குத்தான் அனுமதி. பெட்டி 26 கிலோ இருந்தது. மேற்கொண்டு ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் கேட்ட தொகை, அந்தத் தாய் நாள் முழுதும் நின்று வாங்குகிற கூலிக்கு மேல். கைப்பையில் மாற்றலாம் என்றால் அதற்கு 7 கிலோதான் கணக்கு. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். பையன் எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தவித்திருக்கிறான். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்திருக்கிறது.

அந்த அம்மாள் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "இன்னாண்ணா இது! பாரம் அதிகமாயிட்டா ப்ளேன் தாங்காதுன்றாங்கோ. சரி, ஒத்துக்கறேன். பணம் கட்டினா மட்டும் பாரம் கொறைஞ்சிடுமா?"

தோழர்களே, எத்தனை பொருளாதாரப் புத்தகம் படித்தாலும் இந்தக் கேள்விக்கு மேல் ஒரு கேள்வி கேட்க முடியாது.

பாதுகாப்பா, கல்லாப்பெட்டியா?

ஆறு கிலோ அதிகமானால் விமானத்துக்கு ஆபத்து என்றால், கோடீசுவரன் பணம் கட்டினாலும் அந்த ஆறு கிலோவை ஏற்றக்கூடாது. பணம் கட்டியதும் ஏற்றிக்கொள்கிறார்கள் என்றால் அங்கே ஆபத்து இல்லை, வியாபாரம்தான் இருக்கிறது. எடைக்கு எண்ணெய் செலவாகும் என்பது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிரயாணியின் பெட்டி போகிற அதே வயிற்றில்தான் வியாபாரிகளின் சரக்கும் போகிறது. பையனின் புளியும் மிளகாய்த்தூளும் இருந்தால், அந்த இடத்தைச் சரக்குக்கு விற்க முடியாது. இதுதான் சூட்சுமம்.

நம் நாட்டிலேயே நடந்த கதையைக் கேளுங்கள். உள்நாட்டு விமானங்களில் தனியார் கம்பெனிகள் 15 கிலோ வரைதான் சும்மா ஏற்றின. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இஷ்டப்படி பணம் பறித்தன. ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். 2016-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தலையிட்டு, 15-லிருந்து 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டது. கம்பெனிகள் சும்மா இருந்தனவா? கோர்ட்டுக்குப் போயின. 2017 ஆகஸ்டில் டில்லி ஹைகோர்ட்டு அந்த உச்சவரம்பை ரத்து செய்தது. விலை மறுபடியும் கம்பெனிகளின் இஷ்டத்துக்குப் போயிற்று. ஹவாய் செருப்புக்காரன் பறப்பான் என்ற சிம்லாப் பேச்சுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே நாலு மாத இடைவெளிதான்!

முதல் பந்தி, கடைசிப் பந்தி

மூட்டையின் கதை இப்படி. இனி வரிசையின் கதைக்கு வருவோம்.

கிராமத்துக் கல்யாணத்தில் பந்தி நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் பந்தியில் மிராசுதாரர், மணியக்காரர், ஊர்ப் பெரிய மனிதர்கள். அப்புறம் இரண்டாம் பந்தி. அரிசி விளைவித்தவனும், விறகு பிளந்தவனும், இலை எடுத்தவனும் கடைசிப் பந்தி. கடைசிப் பந்திக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். அதே அடுப்புதான், அதே அண்டாதான். ஆனால் எந்த வரிசையில் உட்காருகிறான் என்பதைப் பொறுத்து அவன் இலை நிறையும் அல்லது காயும்.

விமானத்தில் ஏறுவதும் இப்படியே நடக்கிறது. முதலில் உயர் வகுப்புக்காரர்களைக் கூப்பிடுவார்கள். அடுத்து, அடிக்கடி பறந்து புள்ளி சேர்த்தவர்கள். அடுத்து, 'முன்னுரிமை' என்ற ஒன்றைத் தனியாக விலை கொடுத்து வாங்கியவர்கள். எல்லோரும் போன பிறகு, மலிவு டிக்கெட்டுக்காரன். அவன் உள்ளே போகும்போது தலைக்கு மேலே இருக்கிற சாமான் அறைகள் நிரம்பியிருக்கும். நம் பையனுக்கும் அதுதான் நடந்தது. மேலே இடமில்லை என்று கைப்பையை வாங்கிக் கீழ்ப்பகுதிக்கு அனுப்பிவிட்டார்களாம். சம்பள ஒப்பந்தக் காகிதமும் தாய் கொடுத்த திருநீற்றுப் பொட்டலமும் அந்தப் பையில்தான் இருந்தன. கடைசிப் பந்திக்குப் பாயசம் கிடையாது!

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். முதலில் ஏறியவன் முதலில் போய்ச் சேருவதில்லை. விமானம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறது, ஒரே நேரத்தில்தான் இறங்குகிறது. அப்படியிருக்க, முன்னால் ஏறுவதற்கு ஏன் பணம் கொடுக்கிறான்? மேலே இருக்கிற அந்தச் சாமான் இடத்துக்காக. பந்தியில் முந்துவது பாயசத்துக்காக என்பதைப் போல!

கடைசிப் பந்திக்காரர்களை மேலே இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2009 செப்டம்பரில், அன்றைய காங்கிரஸ் சர்க்காரின் வெளியுறவுத் துறை இணையமைச்சர் சசி தரூர், விமானத்தின் சாதாரண வகுப்பைக் 'கால்நடை வகுப்பு' என்று எழுதி வம்பில் மாட்டிக்கொண்டார். நாடு முழுதும் கண்டனம் எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். நாம் கால்நடையின் தோலைப் பதனிட்டுப் பிழைக்கிறவர்கள். உயிரோடு இருக்கும்போது மாட்டை எப்படி அடைக்கிறார்கள், எப்படி நிறுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னவரிடம் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டார்கள், வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

விஞ்ஞானம் சொல்வது என்ன?

"இத்தனை பேரை ஏற்ற வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். எந்த ஒழுங்கு என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் அதிகமாகப் பறக்கிற விமானத்தில் சுமார் 30 வரிசைகள், வரிசைக்கு 6 ஆசனங்கள், நடுவே ஒரே ஒரு சந்து. ஷூ கம்பெனி கேட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்து, ஒவ்வொருவரும் டிபன் காரியரை மாட்டுவதற்காக நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நிற்க வேண்டுமல்லவா? அதே கதைதான். ஒருவர் பையை மேலே ஏற்றும் வரை பின்னால் இருப்பவர்கள் அசைய முடியாது. ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்தால்தான் ஜன்னல்காரர் உள்ளே போக முடியும்.

ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2008-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு மாதிரி விமானக் கூட்டில் 72 பேரைப் பெட்டியோடு ஏற்றிப் பரீட்சையும் நடத்தினார். வரிசைகளைக் கூறு போட்டுக் கூட்டம் கூட்டமாக ஏற்றியபோது ஏறக்குறைய 7 நிமிடம் பிடித்தது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறச் சொன்னபோது 5 நிமிடத்துக்குள் முடிந்தது! முதலில் ஜன்னல், பிறகு நடு, பிறகு ஓரம் என்று ஏற்றியபோது அதைவிடவும் குறைந்தது. இடித்துக்கொள்ளாதபடி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஜன்னல்காரர்களை ஏற்றியபோது நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. குழந்தையையும் தாயையும் பிரிக்கக்கூடாது, கிழவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும். இவற்றைச் சேர்த்துக்கொண்டாலும் நல்ல ஒழுங்கு ஒன்றைச் செய்ய முடியும் என்பதில் சந்தேகமில்லை.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி 2023 அக்டோபரில் ஜன்னல், நடு, ஓரம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆனால் எப்படி? உயர் வகுப்பும் புள்ளிக்காரர்களும் முதலில் ஏறி முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஜன்னல்காரனுக்கு அழைப்பு! விஞ்ஞானத்தையும் கடைசிப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். காரணம் வெட்டவெளிச்சம். ஜன்னல்காரன் முதலில் என்று சொன்னால் அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. பணக்காரன் முதலில் என்று சொன்னால்தான் வரிசையே சரக்காக மாறுகிறது.

பஞ்சத்தை உற்பத்தி செய்யும் தொழில்

இந்த வியாபாரம் எப்படி முளைத்தது என்று பார்த்தால் முதலாளித்துவத்தின் முழு முகமும் தெரியும்.

முன்பு டிக்கெட் வாங்கினால் பெட்டியும் அதில் அடக்கம். 2008-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, கீழே போடுகிற முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று வைத்தது. எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. பிறகு எண்ணெய் விலை இறங்கியது. பெட்டிக் கட்டணம் இறங்கியதா? இல்லை!

பெட்டிக்குப் பணம் என்றதும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? சின்னப் பெட்டியாகக் கட்டிக் கையோடு மேலே தூக்கி வந்தார்கள். மேலே இடம் நெருக்கடியாயிற்று. உடனே கம்பெனி இரண்டாவது கடையைத் திறந்தது: மேலே இடம் வேண்டுமா? முன்னால் ஏறு. முன்னால் ஏற வேண்டுமா? பணம் கட்டு! அயர்லாந்தின் ரயன்ஏர் கம்பெனி 2018-ல் இன்னொரு படி ஏறியது. 'முன்னுரிமை' வாங்கியவனுக்குத்தான் சக்கரப் பெட்டியை மேலே கொண்டுபோக அனுமதி, மற்றவனுக்கு ஒரு சின்னப் பை என்றது.

பஞ்சகாலத்தில் நெல் மண்டிக்காரன் செய்வதும் இதுதான். மூட்டைகளைப் பதுக்கிப் பஞ்சத்தை உண்டாக்குவான். பிறகு, பஞ்சத்தைக் காட்டி விலையை ஏற்றுவான். கம்பெனி முதலில் கீழே இருந்த இடத்தைப் பறித்தது. அதனால் மேலே பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தையே இப்போது விலை போட்டு விற்கிறது.

இதை எதிர்த்து நின்ற ஒரு கம்பெனியும் இருந்தது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1971-ல் பறக்கத் தொடங்கியது முதல் ஆசனத்துக்கு நம்பர் போடவில்லை. ஏறியவர் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். பெட்டிக்கும் பணம் கேட்காமல் பெயர் வாங்கியது. பிறகு என்னவாயிற்று? 2024-ல் எலியட் என்ற பெரும் முதலீட்டுக் கம்பெனி அதன் பங்குகளை வாங்கிக் குவித்துக் கழுத்தை நெரித்தது. லாபம் போதாதாம்! 2025 மே மாதம் பெரும்பாலான பிரயாணிகளுக்கு இலவசப் பெட்டி ஒழிந்தது. 2026 ஜனவரியில் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட அந்த ஆசன முறையும் ஒழிந்தது. பிரயாணி புகார் செய்து மாற்றியதல்ல இது. பங்குக்காரன் உத்தரவு போட்டு மாற்றியது.

'மலிவு டிக்கெட்' என்ற தூண்டில்

முதலாளிமார் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். "பெட்டி இல்லாதவன் பெட்டிக்காரனுக்காக ஏன் பணம் கொடுக்க வேண்டும்? தனித்தனியாக விலை போட்டால்தான் டிக்கெட் மலிவாகும், ஏழை பறக்க முடியும்" என்பார்கள். 2021 பிப்ரவரியில் நம் சர்க்காரும் இந்த வாதத்துக்குத் தலையாட்டி, பெட்டியில்லாத டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்கக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது.

கேட்பதற்கு நியாயம் போல இருக்கிறது. ஆனால் பெட்டி இல்லாமல் பறக்கிறவன் யார்? காலையில் பம்பாய் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிற மானேஜர். பெட்டியோடு பறக்கிறவன் யார்? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிற கட்டிடத் தொழிலாளி. குழந்தைக்குப் பொம்மையும், தாய்க்குப் போர்வையும், தங்கைக்குத் துணியும் சேர்த்துக் கட்டி வருகிறவன். ஆக, 'பெட்டிக்குத் தனி விலை' என்பது மானேஜருக்குத் தள்ளுபடி, தொழிலாளிக்கு அபராதம்! பெயர் மட்டும் ஏழைக்கு உபகாரம்!

கோபத்தை யார் மேல் காட்டுவது?

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். தராசு பக்கத்தில் நிற்கிற பெண்ணின் மேல் பாய்கிறவர்களை நான் பார்த்தேன். அவள் என்ன முதலாளியா? விமான நிலையங்களில் பெட்டி தூக்குகிறவர்களில், வண்டி தள்ளுகிறவர்களில் எத்தனையோ பேர் காண்டிராக்டுத் தொழிலாளிகள். குனிந்து குனிந்து நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஏற்றி முதுகு ஒடிகிறவர்கள்.

ரயன்ஏர் கம்பெனி செய்கிற தந்திரத்தைப் பாருங்கள். அளவுக்கு மேற்பட்ட பையைக் கண்டுபிடிக்கிற ஊழியருக்குப் பைக்கு இவ்வளவு என்று இனாம் கொடுக்கிறது. 2025-ல் அந்த இனாமை ஒன்றரை யூரோவிலிருந்து இரண்டரை யூரோவாக ஏற்றுவதாக அதன் தலைவரே அறிவித்தார். பிடிபட்ட பிரயாணியிடமோ 75 யூரோ வரை வசூல்! 'பீஸ் ரேட்' என்றால் என்ன என்று ஆம்பூர் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூ 'அப்பர்' தைத்துக் கண் கெட்டவர்கள் அவர்கள். அங்கே தையலுக்குப் பீஸ் ரேட். இங்கே ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் காட்டிக்கொடுப்பதற்குப் பீஸ் ரேட். 75-ல் இரண்டரையை எறிந்துவிட்டு, மிச்சத்தை முழுங்குகிறவன் கண்ணில் படுவதே இல்லை.

வானத்து வியாதி தண்டவாளத்துக்கு

தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. வந்த நாளிலிருந்தே ரயிலில் வகுப்பு இருந்தது. மூன்றாம் வகுப்பின் கொடுமையைப் பற்றிக் காந்தி 1917-ல் எழுதினார். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்தார்கள். நெரிசலை எடுத்தார்களா? காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலில் தொங்குகிறவர்களைக் கேளுங்கள்.

ரயிலில் சும்மா கொண்டுபோகும் சாமானின் கணக்கு எப்படி என்று தெரியுமா? ஏ.சி. முதல் வகுப்புக்காரருக்கு 70 கிலோ. இரண்டாம் வகுப்பு ஏழைக்கு 35 கிலோ. சரிபாதி! வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகிறவன் பாத்திரமும் படுக்கையும் சுமந்து போகிறான். அவனுக்குப் பாதி. ஆனாலும் இத்தனை காலம் ஸ்டேஷன் வாசலில் தராசு வைத்து யாரும் அவனை மறிக்கவில்லை. 2025 ஆகஸ்டில், விமான நிலையம் போல ரயில் ஸ்டேஷனிலும் மூட்டையை நிறுக்கப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. எதிர்ப்பு எழுந்தது. புதிய விதி ஒன்றும் இல்லை என்று ரயில்வே மந்திரி மறுத்தார். இன்று மறுத்தார், சரி. ஆனால் 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி ரயில்களில் விமானம் போலவே ஆசனம் நிரம்ப நிரம்ப விலை ஏறும் முறையைக் கொண்டுவந்தது யார்? இதே ரயில்வேதான்.

2022 நவம்பரில் சென்னை-மைசூர் வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. நம் ஆம்பூர் வழியாகத்தான் போகிறது. ஆனால் ஆம்பூரில் நிற்பதில்லை. முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூட அதில் கிடையாது. இந்த ரயிலில் நமக்குக் கடைசிப் பந்திகூட இல்லை. பந்தலுக்கு வெளியே நின்று வாசனை பிடிக்க வேண்டியதுதான்!

எதிர்த்தால் வளையும்

"பெரிய கம்பெனிகள், கோர்ட்டு, சர்க்கார், நாம் என்ன செய்ய முடியும்?" என்று மனம் தளர வேண்டாம். எதிர்த்த இடங்களில் வளைந்திருக்கிறார்கள்.

2018 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பு செய்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப் போவதாகச் சொன்னார்கள். மெட்ரிக் தேறிய எனக்கு நீல அட்டை. என்னைவிடக் கைத்திறன் படைத்த டிரம் தொழிலாளிக்கு ஆரஞ்சு அட்டை! தூரத்திலிருந்தே 'இவன் கூலிக்காரன்' என்று தெரிந்துகொள்ள ஒரு சூடு! கேரளத்திலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கண்டனக் குரல் எழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சர்க்கார் அறிவிப்பை வாபஸ் வாங்கியது.

2024 ஆகஸ்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனி, அமீரகத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் இலவசப் பெட்டியை 30 கிலோவிலிருந்து 20 கிலோவாக வெட்டியது. அங்கே இருக்கிற நம் ஜனங்கள் கொதித்தார்கள். 2025 ஜனவரியில் மறுபடியும் 30 கிலோ ஆயிற்று.

ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே ஒரு தீர்ப்புச் சொன்னது: நியாயமான அளவுள்ள கைப்பை பிரயாணத்தின் அவசியமான பகுதி, அதற்குத் தனியாகப் பணம் வாங்கக்கூடாது. 2024 நவம்பரில் ஸ்பெயின் சர்க்கார் ஐந்து கம்பெனிகளுக்கு, கைப்பைக்குப் பணம் வாங்கியது உட்பட்ட குற்றங்களுக்காக, 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போடுகின்றன. போடட்டும். கைப்பை பிரயாணியின் உரிமை என்பது இன்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

நாம் கேட்பது என்ன?

நாம் கேட்பது தயவு அல்ல, நியாயம்.

ஒன்று: ஆளுக்கு ஒரு பெட்டியும் ஒரு கைப்பையும் டிக்கெட் விலையிலேயே அடங்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிற, திரும்புகிற தொழிலாளிக்கு 30 கிலோவுக்குக் குறையக்கூடாது. அதற்கு மேற்பட்ட எடைக்கு உச்சவரம்பு வேண்டும். கோர்ட்டு ரத்து செய்தால் பார்லிமெண்டில் சட்டம் செய்ய வேண்டும்.

இரண்டு: ஏறுகிற வரிசையை விற்கக்கூடாது. முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், ஊனமுற்றோர் முதலில். மற்றவர்கள் ஆசனக் கணக்குப்படி, விஞ்ஞானம் சொல்கிற முறைப்படி. ரேஷன் கடை வரிசையில் பணம் கொடுத்து முந்தினால் நாம் சும்மா விடுவோமா? அந்தச் சட்டம் இங்கேயும் செல்லுபடியாகட்டும்.

மூன்று: விமான நிலையக் காண்டிராக்டுத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும். தொழிலாளியைத் தொழிலாளியின் மேல் ஏவுகிற இனாம் முறை நம் நாட்டுக்குள் நுழையக்கூடாது.

நாலு: எல்லா விரைவு ரயில்களிலும் போதிய முன்பதிவில்லாப் பெட்டிகள் வேண்டும். ஏழைக்கு 35, பணக்காரனுக்கு 70 என்ற கணக்கு ஒழிந்து, எல்லோருக்கும் ஒரே எடை வேண்டும்.

வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் 'உடான்' பெயரால் விமான தளம் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து விமானம் பறக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதன் வாசலில் எந்தத் தராசு, எந்த வரிசை என்று முதல் நாளே கேட்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

அந்த இரவு குக்கரை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் என்னோடு பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி, உடையாமல் கையில் பிடித்திருந்தார். வாலாஜாவைத் தாண்டும்போது சொன்னார்: "அவன் சோத்துக்கு இன்னா பண்ணுவானோ, அண்ணா."

அந்தப் பாட்டிலின் எடை கால் கிலோ இருக்கும். அதற்கு இடமில்லாத விமானத்தில் யாருக்கு இடம் இருக்கிறது என்று கேட்போம். கேட் மீட்டிங்கில் கேட்போம். வயல் வரப்பில் கேட்போம். மூட்டை சுமக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால், வரிசையை விற்கிறவன் பதில் சொல்லியே தீர வேண்டும்!